எதிராளி வராத புத்தகம்

அந்த அம்மாவிடம் ஒரு புத்தகம் கேட்டால் இரண்டு கிடைக்கும். நாம் கேட்டது ஒன்று, கேட்காதது ஒன்று. இரண்டையும் சேர்த்துச் சணல் கயிற்றால் கட்டி, முடிச்சை ஓர் இழு இழுத்து, கம்பி ஜன்னலின் சின்னத் திறப்பு வழியாக நம் பக்கம் தள்ளுவார். கேட்காதது எதற்கு என்று எவளாவது முனகினால் கட்டு அப்படியே உள்ளே போய்விடும். இரண்டும் வேண்டும், இல்லாவிட்டால் இரண்டும் இல்லை. நானும் முனகியிருக்கிறேன். முனகியதோடு நிற்காமல் சண்டையும் போட்டிருக்கிறேன். அந்தச் சண்டையைத்தான் சொல்லப் போகிறேன். ஆனால் அதற்கு முன்னால் அந்த அம்மாவைக் கொஞ்சம் பார்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் என்னைத்தான் வாயாடி என்பீர்கள்.

அறுபதுகளின் நடுவில் செஞ்சியில் பெண்களுக்கான ஆசிரியப் பயிற்சிப் பள்ளி ஒன்றில் இரண்டு வருடம் படித்தேன். எங்கள் வீடு கடைத்தெருவுக்குப் பின்னால். நைனாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, அந்தத் தெருவில் கயிறும் வாளியும் விற்கிற கடை. பள்ளியில் கடைசி அறைதான் நூலகம். உள்ளே போய் அலமாரியைத் துழாவ யாருக்கும் அனுமதி கிடையாது. சீட்டில் புத்தகத்தின் பெயரை எழுதி ஜன்னலில் நீட்ட வேண்டும். உள்ளே அந்த அம்மா. நாங்கள் லைப்ரேரியம்மா என்போம். அவருடைய நிஜப் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் இன்றைக்கும் ஜன்னலுக்குப் பின்னாலிருந்து எதுக்கு என்று கேட்பாரோ என்று பயம்.

ஐம்பதை நெருங்கிய வயது, குட்டையான உருவம், தடித்த கண்ணாடி. சத்தம் போடாதீர்கள் என்று சுவரில் பெரிதாக எழுதி மாட்டியிருந்தது. பள்ளியிலேயே பெரிய குரல் அந்தச் சுவருக்குக் கீழே உட்கார்ந்திருந்தவருடையதுதான். இரண்டு புத்தகங்கள் ஒன்றுக்கொன்று முரணாகப் பேசுவதைக் கண்டுபிடித்துவிட்டால் அவருக்குத் தலைகால் புரியாது. மேஜையை ஓங்கித் தட்டி, "மாட்டிக்கிச்சு பாரு" என்பார். வராந்தாவில் யார் போனாலும் கூப்பிடுவார். கணக்கு வாத்தியார் ஒருமுறை வாயில் வெற்றிலையோடு மாட்டிக்கொண்டு, துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல், கம்பு விளைச்சலைப் பற்றி இரண்டு ஆசிரியர்களின் தகராறை அரைமணி நேரம் கேட்டார். டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துவிட்டுப் புத்தகத்தோடு சண்டைக்குப் போய், சாயங்காலம் அப்படியே மூடி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போன நாட்கள் எத்தனையோ.

சேர்ந்த புதிதில் நான் கோட்டையின் வரலாறு கேட்டேன். எங்கள் வீட்டுக் கொல்லையில் நின்றால் தெரிகிற கோட்டை, என்ன பெரிதாக எழுதியிருக்கப் போகிறார்கள் என்று நினைத்துத்தான் கேட்டேன். இரண்டு புத்தகம் வந்தது. ஒரு வாரம் கழித்துத் திருப்பிக் கொடுத்தபோது அவர் வாங்கிக்கொள்ளவில்லை. ரெண்டும் எங்கே சண்டை போடுகிறது என்று கேட்டார். நான் இரண்டாவதைத் திறக்கவே இல்லை. இன்னும் ஒரு வாரம் வைத்துக்கொள் என்று கட்டைத் திருப்பித் தள்ளிவிட்டார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கோபத்திலேயே படித்தேன். முதல் புத்தகத்தில் முற்றுகை போட்ட படை ஆயிரக்கணக்கில் கடலாக வந்து நிற்கிறது. இரண்டாவதில் அதே படை அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை, அதிலும் பாதிப் பேருக்குக் காய்ச்சல். மறுநாள் பள்ளி திறப்பதற்கு முன்பே போய் ஜன்னலடியில் நின்றேன். சொன்னேன். அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே.

"ஒண்ணு கோட்டைக்குள்ள மாட்டிக்கினு இருந்தவங்களுக்கு வேண்டியவன் எழுதனது. இன்னொண்ணு வெளிய பீரங்கி வெச்சிக்கினு இருந்தவங்களுக்கு வேண்டியவன் எழுதனது. தோத்தவன் எண்ணனா எதிரி ஜாஸ்தியாத்தான் இருப்பான்," என்றார்.

அன்றைக்கு மத்தியானம் வகுப்பில் உட்கார்ந்து மலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறந்ததிலிருந்து பார்த்த கோட்டை அன்றைக்குத்தான் எனக்குப் புதிதாகத் தெரிந்தது. அதற்கப்புறம் நான் அந்த ஜன்னலை விட்டு நகரவில்லை.

கூடக் கட்டித் தருகிற புத்தகத்தை அவர் எதிராளி என்பார். எதற்கு எது எதிராளி என்று அவர் பிடிக்கிற விதம் அவருக்கே உரியது. சமையல் பாடம் நடத்துகிற டீச்சர் பலகாரப் புத்தகம் கேட்டபோது அதோடு வயிற்று உபாதைகளைப் பற்றிய வைத்தியப் புத்தகத்தைக் கட்டிக் கொடுத்தார். டீச்சர் ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. காதல் நாவல் கேட்டால் கூடவே கல்யாணச் சட்டங்களைத் தமிழில் விளக்குகிற புத்தகம் வரும். நாங்கள் நாவலை ஒரே மூச்சில் படித்துவிட்டு, சட்டத்துக்கு மட்டும் முறை வைத்து ஆளுக்கு ஒரு அத்தியாயம் படித்துக் கதை சொல்லிக்கொள்வோம். ஜன்னலில் அவர் கேட்கிற கேள்விக்குப் பதில் வேண்டுமே. ஜீவனாம்சம் என்றால் என்னவென்று எங்கள் பள்ளியில் தெரியாத பெண் கிடையாது.

இதெல்லாம் சிரிப்பு. சிரிக்க முடியாதது அந்தப் பச்சை பீரோ.

புதுப் புத்தகம் எது வந்தாலும் முதலில் அவர் படிப்பார். படித்துவிட்டு எதிராளி தேடுவார். கிடைத்தால் எண் போட்டு அலமாரிக்குப் போகும். கிடைக்காவிட்டால் பச்சை பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவார். எதிராளி வரும்வரை அது வெளியே வராது. நாங்கள் அதை ஜெயில் என்போம். பள்ளியின் தாளாளர் தன் அப்பாவின் வாழ்க்கை வரலாற்றை எழுதவைத்து, அட்டையில் தங்க எழுத்தோடு அனுப்பியிருந்தார். அதுவும் ஜெயிலில்தான் இருந்தது. தலைமையம்மா இரண்டு தரம் கேட்டுப் பார்த்தார். அவருடைய அப்பாவைப் பிடிக்காதவர் யாராவது எழுதட்டும், மறுநாளே கட்டிக் கொடுக்கிறேன் என்று பதில் வந்தது. நான் படிப்பை முடித்து வெளியே வருகிறவரை அந்தப் பெரியவருக்கு விடுதலை கிடைக்கவில்லை.

என்னோடு படித்த ஒருத்திக்கு உளவியல் பாடம் ஏறவே ஏறாது. அதற்கு எளிமையான வழிகாட்டிப் புத்தகம் ஒன்று வந்து, எதிராளி இல்லாமல் பீரோவில் கிடந்தது. கெஞ்சினாள், அழுதாள். அம்மா அசையவில்லை. அந்தப் பாடத்தில் அவள் தேறவில்லை. ஊருக்குப் போனவள் திரும்பி வரவும் இல்லை. அது அந்தப் புத்தகத்தால்தானா என்று இன்றும் எனக்குத் தெரியாது. ஆனால் அன்றிலிருந்து அந்தச் சாவிக் கொத்தைப் பார்த்தாலே எனக்கு ஒரு வெறுப்பு. யார் கொடுத்த அதிகாரம் இது என்று மனசுக்குள் பொருமுவேன். அடுத்த நாள் அவர் மேஜையைத் தட்டிக் கூப்பிட்டால் ஓடிப்போய் நிற்பதும் நான்தான்.

இப்படி இருக்கையில் என் அக்காவின் விஷயம் வந்தது.

அக்கா எனக்கு ஆறு வயது மூத்தவள். ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தி, உள்ளூரிலேயே கட்டிக்கொடுத்தார்கள். மாமா மல்லாட்டை மண்டியில், வேர்க்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம், எடை போடுகிறவர், நல்ல மனுஷர். ஐந்து வருடத்தில் நான்கு பிள்ளைகள். நான்காவது பிரசவத்தில் ரத்தம் நிற்காமல், வாடகைக் காரில் விழுப்புரம் கொண்டுபோய் அக்காவை மீட்டதே பெரிய பாடு. இன்னொன்று உண்டானால் தாங்கமாட்டாள், நாங்கள் பொறுப்பில்லை என்று நர்சம்மா மாமாவிடம் பச்சையாகவே சொல்லிவிட்டார். அப்போதுதான் பிள்ளை உண்டாகாமல் இருக்கக் கருப்பைக்குள் வைக்கிற லூப் என்று ஒன்று வந்து ஊரெல்லாம் அதே பேச்சு. ஏற்கனவே பக்கத்து ஊரான அனந்தபுரத்தில் முகாம் நடந்து முடிந்திருந்தது. செஞ்சிக்கு டாக்டரம்மா வருகிற நாள், அமாவாசைக்கு மறுநாள் திங்கட்கிழமை என்று தண்டோரா போட்டார்கள். அதை விட்டால் மறுபடி எப்போது வருவார் என்று யாருக்கும் தெரியவில்லை.

அக்காவுக்குப் போக ஆசை. போகப் பயம். கடைத்தெருவில் அப்படிப் பேசிக்கொண்டார்கள். அது உள்ளே இருந்து மேலே ஏறி நெஞ்சில் போய் ஒட்டிக்கொள்ளுமாம். ஆம்பிளைக்கு மின்சாரம் அடித்த மாதிரி இருக்குமாம். மாமா இதையெல்லாம் மண்டியில் கேட்டுவந்து, சாப்பாட்டில் கை வைக்காமல் உட்கார்ந்திருப்பார். அக்கா என்னைக் கூப்பிட்டு, "நீ படிக்கிற எடத்துல இதப் பத்தி எதனா புத்தகம் இருக்குதா பாருடி. கண்டவங்க சொல்றதக் கேட்டுக்கேட்டு எனக்குப் பைத்தியமே புடிக்குது," என்றாள்.

இருந்தது. எனக்குத் தெரியும். பயிற்சி முடித்துக் கிராமங்களுக்குப் போகப்போகிற டீச்சர்கள் படித்துச் சொல்ல வேண்டும் என்று மேலிடத்திலிருந்து ஒரு கட்டு வந்திருந்தது. பதினாறு பக்கச் சின்னப் புத்தகம். அட்டையில் அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், நாலு பேரும் சிரிக்கிறார்கள். கட்டுப் பிரிக்காமல் பச்சை பீரோவில் இருந்தது.

வெள்ளிக்கிழமை போய்க் கேட்டேன். அக்காவின் நிலைமையை ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் கவனமாகக் கேட்டார். கேட்டுவிட்டு, எதிராளி இன்னும் வரவில்லை என்றார். அந்தப் புத்தகத்தில் வலி இல்லை, பயம் இல்லை, எந்தத் தொல்லையும் இல்லை என்று போட்டிருக்கிறது, உடம்புக்குள் ஒன்றை வைத்தால் ஒரு தொல்லையும் இல்லாமல் எப்படி இருக்கும், இதை நம்பி நான் ஒருத்திக்கும் தரமாட்டேன் என்றார். கடைத்தெருவில் ஆயிரம் எதிராளி பேசுகிறதே என்றேன். வதந்தி எதிராளி ஆகாது, தான் பட்டதைச் சொல்கிறவர்தான் எதிராளி என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. வராந்தாவில் பத்துப் பேர் நிற்கிறார்கள் என்பதெல்லாம் மறந்துபோனது.

"ரெண்டு பக்கமும் படிக்கணும்னு சொல்லிச் சொல்லி எங்க உயிர எடுக்கறீங்க. இப்ப எங்கக்காவுக்கு ஒரு பக்கந்தான் கெடைக்குது, அதுவும் கடைத்தெருப் பேச்சு. நீங்க பூட்டி வெச்சதால அவங்கதான் ஜெயிச்சாங்க. பூட்டி வெக்கறதும் ஒரு பக்கம் சேர்றதுதான்மா," என்றேன்.

அக்கா செத்தால் அந்தச் சாவிக் கொத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள் என்றும் கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது. அவர் ஜன்னல் கதவைச் சாத்தினார். வேலை நேரத்தில் அந்த ஜன்னல் சாத்தி நாங்கள் பார்த்ததே இல்லை.

சனிக்கிழமை காலையில் எங்கள் கடை வாசலில் வந்து நின்றார். என்னைப் பற்றி நைனாவிடம் புகார் சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று வாளி அடுக்குக்குப் பின்னால் ஒதுங்கினேன். அவர் நைனாவிடம் சொன்னது வேறு. நாளைக்கு அமாவாசை, உங்கள் பெண்ணை என்னோடு மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்கு அனுப்புங்கள், இருட்டுவதற்குள் திரும்பிவிடுவோம். அம்மன் விஷயம், நைனா மறுபேச்சுப் பேசவில்லை. எனக்குத்தான் ஆத்திரம். அக்கா இங்கே உயிர்ப் பயத்தில் தவிக்கிறாள், இந்த அம்மா சாமி கும்பிடக் கிளம்புகிறாரே என்று.

ஸ்பெஷல் பஸ்ஸில் நிற்கக்கூட இடமில்லை. ஒரு கம்பியை இரண்டு பேரும் பிடித்துக்கொண்டு போகும்போதுதான் சொன்னார்.

"நீ சொன்னது ராத்திரியெல்லாம் தூங்கவுடல. எதிராளி தானா வருவான்னு குந்திக்கினு இருந்தது எந் தப்பு. அனந்தபுரத்துல வெச்சிக்கினவங்க அத்தினி பேரும் இன்னிக்கு மலையனூர்லதான் இருப்பாங்க."

அவரவர் ஊரில் போய்க் கேட்டால் எந்தப் பெண்ணும் வாயைத் திறக்கமாட்டாள், மாமியார் காது சுவரிலேயே இருக்கும் என்றார். இந்தக் கூட்டத்தில் யாருக்கும் யாரையும் தெரியாது. இங்கேதான் பேசுவார்கள். பையிலிருந்து நாற்பது பக்க நோட்டு ஒன்றையும் இரண்டு பென்சிலையும் எடுத்துக் காட்டினார். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. பஸ்ஸில் கையை எடுத்தால் விழுந்துவிடுவேன் என்பதால் சும்மா இருந்தேன்.

மலையனூரில் கால் வைக்க இடமில்லை. பம்பை முழங்குகிறது, சாமி வந்து ஆடுகிறார்கள், எலுமிச்சம்பழம் மிதிபடுகிற வாசனை. நாங்கள் மொட்டையடிக்கிற இடத்துக்குப் பின்னால் புளியமரத்தடிகளில் சமைத்துக்கொண்டிருந்த பெண்களிடம் போனோம். அன்றைக்குத்தான் ஒன்றைத் தெரிந்துகொண்டேன். அந்த அம்மாவுக்கு மெதுவாகவும் பேசத் தெரியும். அடுப்பை ஊதிக்கொடுப்பார், பிள்ளையை வாங்கிக்கொள்வார், எந்த ஊர் என்பார். அனந்தபுரம் பக்கம் என்றால், இந்தப் பொண்ணோட அக்காவுக்கு லூப் வைக்கணும்னு சொல்றாங்க, பயமா இருக்குது என்று என்னைக் காட்டுவார். என் முகத்தைப் பார்த்தே பாதிப் பேர் சொன்னார்கள். வைத்துக்கொண்ட ஒருத்தி அடுத்த மரத்தடியில் இருக்கிறவளைக் கைகாட்டினாள். அவள் இன்னொருத்தியை இழுத்து வந்தாள். பச்சை பீரோவுக்காகக் காத்துக்கிடந்த எதிராளிகள் சோற்றுப் பானைகளுக்கு நடுவில் ஒவ்வொருத்தியாக எழுந்து வந்தார்கள்.

எல்லோரிடமும் அதே இரண்டு கேள்வி. இன்னா நல்லது, இன்னா கஷ்டம். பேர் வேண்டாம் என்பார். எழுதியதைப் படித்துக் காட்டி, சரியா என்று கேட்பார். அதற்கப்புறம்தான் அடுத்த ஆள்.

ஒருத்திக்கு இரண்டு மாதம் தீட்டு நிற்கவில்லை. மூன்றாம் மாதம் தானாகச் சரியாகிவிட்டது. அந்த இரண்டு மாதமும் அவளை வீட்டுக்குள் சேர்க்காமல் மாட்டுக்கொட்டாயில் படுக்கவைத்தார்கள். பதினாறு பக்கப் புத்தகத்தில் எங்கே இருக்கிறது மாட்டுக்கொட்டாய்? இன்னொருத்திக்கும் அதே கதைதான். ஆனால் அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள், "கல்யாணம் ஆனதுலேருந்து மொத தபா மாமியா ஆக்கிப் போட்டு நான் துன்னேன்." ஒருத்திக்கு ஒன்றுமே தெரியவில்லை, வைத்ததையே மறந்துவிட்டாள். ஒருத்திக்கு அது தானாக விழுந்து, விழுந்ததே தெரியாமல் மறுபடி ஐந்து மாதக் கர்ப்பம். ஒருத்திக்கு இடுப்பு வலியோடு ஜுரம் கண்டு, விழுப்புரம் போய் எடுத்துவிட்டார்கள். ஒருத்தி சுற்றுமுற்றும் பார்த்து, புருஷனுக்கே தெரியாது என்றாள். அந்த அம்மா பென்சிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இதை எழுதலாமா என்று கேட்டார்.

"எழுது. எந்த ஊருன்னு மட்டும் போடாத," என்றாள்.

திரும்பும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. நோட்டை மடியில் வைத்து நாலைந்து பத்திகளைக் குறுக்கே அடித்தார். நாத்தனாருக்குப் பக்கத்து வீட்டுக்காரி செத்தே போனாள் என்கிற மாதிரிக் கேள்விப்பட்ட கதைகள். இங்கேயும் ஜெயிலா என்றேன். தான் பட்டதைச் சொன்னவர்கள் மட்டும்தான் இதில் இருப்பார்கள் என்று முறைத்தார். கடைசியில் பதினொரு பேர் மிஞ்சினார்கள். ஒன்று, இரண்டு என்று எண் போட்டார். பஸ் செஞ்சியில் நின்றதும் நேரே பள்ளிக்குப் போய் வாட்ச்மேனை எழுப்பிக் கதவைத் திறந்து, பச்சை பீரோவிலிருந்து ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்து, நோட்டோடு சேர்த்துச் சணல் கட்டி என் கையில் கொடுத்தார்.

விளக்கேற்றும் நேரத்துக்கு அக்கா வீட்டில் இருந்தேன். அக்கா குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே படிக்கச் சொன்னாள். மாமா நிலைப்படியில் சாய்ந்து நின்றார். முதலில் அச்சடித்ததைப் படித்தேன். அப்புறம் நோட்டு. மாட்டுக்கொட்டாய் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். மாமியார் ஆக்கிப் போட்டதற்குச் சிரித்தாள். எத்தனை நாளுக்கப்புறம் அவள் சிரித்துப் பார்க்கிறேன். அவள் போவதற்கு ஒப்புக்கொள்ள வேண்டும், திங்கட்கிழமை விட்டால் கிடையாது என்று என் மனம் அடித்துக்கொண்டது. ஜுரம் வந்து எடுத்தவளின் பத்தி அடுத்தது. நான் இரண்டு தாளைச் சேர்த்துத் திருப்பினேன்.

"எட்டுக்கு அப்புறம் பத்துன்னு படிக்கிற. ஒம்போது எங்கடி?" என்றாள் அக்கா.

எனக்கு முகம் எரிந்தது. இரண்டு நாளைக்கு முன்னால் வராந்தாவே அதிர அந்த அம்மாவிடம் கத்தியவள் நான். சாவிக் கொத்து என் கைக்கு வந்ததும் முதல் வேலையாகப் பூட்டினேன். தாளைத் திருப்பி ஒன்பதைப் படித்தேன். குரல் கீழே இறங்கிவிட்டது. ஜுரம், இடுப்பு வலி, நாலு நாள் சொல்லாமல் வைத்திருந்தது, விழுப்புரம், எடுத்தது, எல்லாம். பத்து, பதினொன்றையும் முடித்தேன். அக்கா குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே இருந்தாள்.

மாமாதான் முதலில் பேசினார். ரெண்டு மாசம் அந்த மாதிரி ஆச்சுன்னா வீட்டுல சோறு யார் ஆக்குறது என்று கேட்டார். கிண்டலில்லை, நிஜமான கவலை. நீங்கதான் என்றாள் அக்கா. அவர் தலையைச் சொறிந்துகொண்டு, சரி, குழம்பு மட்டும் சொல்லிக் குடு என்றார்.

பிறகு அக்கா என்னைப் பார்த்துச் சொன்னாள், "நான் போறேன். ஒம்போது இல்லாம போயிருந்தா, ஜுரம் வந்தா இன்னா பண்றதுன்னு தெரியாம இருந்திருப்பேன்."

திங்கட்கிழமை போனாள்.

அந்த நோட்டுக்கு லைப்ரேரியம்மா எண் போட்டுப் பதிவேட்டில் ஏற்றிவிட்டார். ஆசிரியர் பெயர் என்ற இடத்தில், பதினொரு பெண்கள் என்று எழுதினார். தலைமையம்மா பதிவேட்டைப் பார்த்துக் கொதித்துப்போனார். கையால் எழுதிய நோட்டு, அதிலும் இப்படிப்பட்ட விஷயம், பெண்கள் படிக்கிற இடத்தில். நீக்காவிட்டால் உங்களை நீக்கவேண்டிவரும் என்றார். இவர் அந்தக் கட்டை எடுத்து, வீட்டுக்குக் கொண்டுபோய் முழுக்கப் படியுங்கள், அப்புறமும் நீக்கச் சொன்னால் நீக்கிவிடுகிறேன் என்று கொடுத்தார். ஐந்து நாள் அது திரும்பவில்லை. எங்களுக்குத் தூக்கமே இல்லை. ஆறாம் நாள் திரும்பி வந்தது. தலைமையம்மா நீக்கச் சொல்லவில்லை. இது நான் போட்ட முடிச்சும் இல்லை, தலைமையம்மா போடுகிற முடிச்சும் இல்லை, கட்டு ரெண்டு மூணு வீடு சுற்றி வந்திருக்கிறது என்று லைப்ரேரியம்மா கயிற்றைத் தூக்கிக் காட்டி மேஜையைத் தட்டினார். அந்த வருடம் எங்கள் நூலகத்தில் அதிகமாக வெளியே போன கட்டு அதுதான்.

அக்காவுக்குச் சுலபமாகப் போய்விடவில்லை. இரண்டாம் மாதம் தீட்டு நிற்காமல் போய், மாமா வெலவெலத்து, எடுத்துவிடலாம் என்று நின்றார். நோட்டில் மூணாவது ஆளுக்கும் ஏழாவது ஆளுக்கும் இப்படித்தான் என்று அக்கா விரல்விட்டு எண்ணினாள். ஜுரம் இல்லை, ஆனாலும் நர்சம்மாவிடம் போய்க் காட்டினாள். பயமில்லை என்று சத்து மாத்திரை கொடுத்து அனுப்பினார். அதே முகாமில் வைத்துக்கொண்ட எங்கள் தெருப் பெண் ஒருத்தி, அப்படி ஆகும் என்று யாரும் சொல்லாததால், செத்துப்போகப் போகிறோம் என்று மந்திரிக்க ஓடினாள். மாமா இரண்டு மாதம் குழம்பு வைத்தார். அதைப் பற்றிப் பேசாமல் இருப்பதே அவருக்குச் செய்கிற மரியாதை.

நான்காம் மாதமோ ஐந்தாம் மாதமோ, ஒரு மத்தியானம். ஜன்னலடியில் சீட்டு நீட்டுகிறவர்களின் வரிசையில் நான் நிற்கிறேன். பின்னால் யாரோ வந்து நின்றார்கள். திரும்பினால் அக்கா. இடுப்பில் குழந்தை, தலை நிறைய கனகாம்பரம். பள்ளிக்கூடத்து வாசற்படியை அவள் மிதித்துப் பதினான்கு பதினைந்து வருடம் இருக்கும். வரிசையை விலக்கிக்கொண்டு நேரே ஜன்னலுக்குப் போனாள்.

"அந்த நோட்டுல எடம் இருக்குதாம்மா?" என்றாள்.

லைப்ரேரியம்மாவுக்கு யார் என்று சொல்லவேண்டியிருக்கவில்லை. நோட்டை எடுத்தார், பென்சிலைச் சீவினார், மூக்கில் கண்ணாடியைத் தள்ளிக்கொண்டு, சொல்லு, எழுதிக்கிறேன் என்றார். அக்கா தலையை ஆட்டினாள். தானே எழுதுவதாகச் சொன்னாள். லைப்ரேரியம்மா பென்சிலை அவளிடம் நீட்டினார். பிறகு எழுந்து வந்து, யாருக்கும் திறக்காத அந்த அறைக் கதவைத் திறந்து, அக்காவைத் தன் நாற்காலியில் உட்காரவைத்தார். குழந்தையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டார். வரிசையில் நின்றவர்களைப் பார்த்து, நாளைக்கு வாங்க என்று கையை ஆட்டினார்.

அக்கா எழுதினாள். ஒவ்வொரு எழுத்தையும் அழுத்தி, நாக்கைக் கடித்துக்கொண்டு, ஐந்தாம் வகுப்பில் விட்ட இடத்திலிருந்து எழுதினாள். மணியடித்துப் பள்ளி விட்டது. அவள் நிறுத்தவில்லை. அந்த அம்மா குழந்தையோடு அறைக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தார், எட்டிப் பார்க்கக்கூட இல்லை. நான் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று தலைகீழாகப் படித்தேன். பன்னிரண்டு என்று போட்டு, அதன் கீழே இப்படி ஆரம்பித்திருந்தாள்: "நான் உயிரோடு இருக்கிறேன். இனி கஷ்டத்தைச் சொல்கிறேன்."